பிப்ரவரி மாலையில் தீப்பற்றும் அருவி: யோசெமிட்டி போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பகல் இரண்டு மணிக்கு எல் கேப்பிட்டான் பாறையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஹார்ஸ்டெயில் அருவி கண்ணில் படுவதே சிரமம். ஏறத்தாழ 3,000 அடி உயரத்துக்கு எழும் கருங்கல் சுவர். அதன் கிழக்கு ஓரத்தில், விரலைச் சுண்ணாம்பில் தோய்த்து இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வெயிலில் வெளுத்த பாறையில் அதுவும் பாதி நேரம் தெரியாது. அந்தக் கோடுதான் மாலை ஐந்தரை மணி வாக்கில் பொன்னாகி, ஆரஞ்சாகி, சில நாள்களில் உலையிலிருந்து ஊற்றிய இரும்பு மாதிரி சிவக்கிறது. மொத்தம் பத்து நிமிடம். அதைத்தான் ஊர் முழுக்க ‘ஃபயர்ஃபால்’, அதாவது நெருப்பருவி, என்கிறார்கள்.

குதிரைவால் அருவி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கலிபோர்னியாவிலேயே அதே பெயரில் வேறு அருவிகளும் இருக்கின்றன. வரைபடத்தில் வெறும் பெயரைப் போட்டுத் தேடினால் லேக் டாஹோ பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். ‘எல் கேப்பிட்டான் பிக்னிக் ஏரியா’ என்று தேடுங்கள்.

பத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, பிப்ரவரியில் எந்த நாள் போனாலும் இது கிடைக்கும் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். மூன்று விஷயங்கள் ஒரே மாலையில் கூட வேண்டும்: மேலே தண்ணீர், சரியான கோணத்தில் சூரியன், மேற்கே மறைப்பில்லாத வானம். மூன்றில் ஒன்றைத்தான் காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியும். மற்ற இரண்டையும் கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான் கணிக்க முடியும்.

முதலில் தண்ணீர். இந்த அருவிக்குப் பின்னால் ஆறோ ஏரியோ கிடையாது. எல் கேப்பிட்டானின் தலையில் உள்ள சிறு பரப்பில் விழும் பனியும் மழையும்தான் முதலீடு. அதனால்தான் குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் மட்டும் ஓடி, பிறகு வறண்டுவிடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாரை. கிழக்குத் தாரை 1,540 அடி, மேற்குத் தாரை 1,570 அடி. இரண்டும் கீழே சேர்ந்து செங்குத்தான பாறைப் பலகையில் இன்னும் 490 அடி சறுக்கி இறங்குகின்றன. உயரம் பிரமாண்டம், தண்ணீரோ கொஞ்சம்.

நீர்ப்பிடிப்பு சிறியதாக இருப்பதால் ஒரே நாளில் எல்லாம் மாறும். மேலே பனி குவிந்திருந்தும் பகல் முழுக்க உறைகுளிராக இருந்தால் தண்ணீர் வராது. பனி பனியாகவே கிடக்கும். பனி இருந்து, இரண்டு மூன்று நாள் பகல் வெயில் நன்றாக அடித்தால் உருகி ஓடும். இரவில் மறுபடி உறைந்து, காலையில் மெலிந்து, பிற்பகலில் தடிக்கும். ஆகவே காலையில் பார்த்துவிட்டு ‘இன்றைக்கு ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாளும் நல்ல வாய்ப்பு. பனியில்லாத வறண்ட பிப்ரவரியில், வெயில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாறைதான் சிவக்கும்.

இங்கே ஒரு விஷயம். அருவி ஓடாத நாளிலும் நனைந்த பாறையின் தடம் ஒளியை வாங்கி மின்னும். தூரத்திலிருந்து எடுத்து நிறத்தைக் கூட்டிவிட்டால் படத்தில் அருவி மாதிரியே தெரியும். இணையத்தில் ‘நேற்று எடுத்தது’ என்று வரும் எல்லாப் படத்தையும் நம்பி வண்டியைக் கிளப்ப வேண்டாம். கையில் பைனாகுலர் இருந்தால் பிற்பகல் மூன்று மணிக்கே தெரிந்துவிடும்: நீர் இருந்தால் கோடு அசையும், காற்று வீசும்போது திரைச்சீலை மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கும். ஈரப் பாறை அசையாது. காற்று கொஞ்சம் இருப்பது நல்லதும்கூட. தாரையை உடைத்துத் திவலையாகப் பரப்பும். ஒளி பிடிக்க அகலமான இடம் கிடைக்கும். மிதமிஞ்சிய காற்று என்றால் மெல்லிய தாரை பாதி வழியிலேயே கலைந்துபோகும்.

அடுத்தது சூரியன். இது கணக்கு, மாறாது. டிசம்பர் கடைசியில் யோசெமிட்டியில் சூரியன் மறைவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் சுமார் 240 டிகிரியில், அதாவது தென்மேற்கே. மார்ச் 20 வாக்கில் நேர் மேற்குக்கு, 270 டிகிரிக்கு, வந்துவிடும். பிப்ரவரி 10-இல் ஏறத்தாழ 252, மாதக் கடைசியில் 260. இந்த இடைவெளியில்தான், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் மேற்கு வாய் வழியாகச் சாய்ந்து வரும் கடைசி வெயில், சுற்றிலும் மலை நிழல் விழுந்த பிறகும் அருவியின் மேல் ஒரு கீற்றாகத் தங்குகிறது. சுற்றுப்புறம் இருட்டாக இருப்பதால்தான் அந்தக் கீற்று நெருப்பாகத் தெரிகிறது; வெளிச்சம் சுவர் முழுக்க விழுந்தால் அது வழக்கமான மாலை வெயில்தான். சூரியன் மறையும் புள்ளி அந்த நாள்களில் தினமும் அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வடக்கே நகர்கிறது. சூரியனின் அகலமே அரை டிகிரிதான். ஒரு நாள் தாண்டினால் சூரியன் தன் உடம்பளவு நகர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இந்தக் காட்சிக்கு இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே ஆயுள்.

அக்டோபர் பிற்பாதியிலும் சூரியன் இதே கோணத்துக்கு வருகிறது. ஒளி அப்போதும் அதே இடத்தில் விழும், அருவிதான் இருக்காது.

சிவப்பு நிறத்துக்குத் தனி ரகசியம் ஏதுமில்லை. தாழ்ந்த சூரியனின் ஒளி நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போகிறது. மிச்சம் வந்து சேர்வது ஆரஞ்சும் சிவப்பும்.

மூன்றாவது, மேற்கு வானம். பலரும் கோட்டைவிடுவது இதில்தான். தலைக்கு மேல் துளி மேகமில்லை, ஆனாலும் ஐந்தேகாலுக்கு ஒளி செத்துப்போகிறது. காரணம் எங்கோ மேற்கே, அடிவானத்தை ஒட்டி நிற்கும் மேகப் பட்டை. சூரியன் தாழ்ந்து வரும்போது அதன் ஒளி வெகுதூரம் தரையை ஒட்டியே வர வேண்டியிருக்கிறது. நடுவில் மத்திய கலிபோர்னியாச் சமவெளி. அங்கே குளிர்காலத்தில் கவியும் மூடுபனியும் புகைமூட்டமும் போதும், கடைசி ஐந்து நிமிடத்தைத் தின்றுவிடும். எனவே யோசெமிட்டியின் வானிலையை மட்டும் பார்க்காமல், மெர்செட், மொடெஸ்டோ பக்கத்து மேக நிலவரத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். மறுபக்கமும் உண்டு: நாள் முழுக்க மூடிக் கிடந்த வானம், மறைவுக்குப் பத்து நிமிடம் முன்பு மேற்கே ஒரு பிளவு விட்டு, அதன் வழியே ஒளி பாய்வதும் நடக்கிறது. ஐந்து மணிக்கு மூட்டை கட்டுகிறவர்கள் தவறவிடுவது இந்த மாலைகளைத்தான்.

ஆக, ஒரே ஒரு மாலையை நம்பிப் போவது சீட்டாட்டம். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கமிருந்து பள்ளத்தாக்குக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்கள் பலர் காலையில் கிளம்பி இரவே திரும்பும் திட்டத்தில் வருகிறார்கள். முடியாதது இல்லை. ஆனால் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மலைச்சாலையில் உறைந்த ஈரத்தின் மேல் களைத்துப்போய் ஓட்டுவதற்குப் பதில், இரண்டு இரவு தங்கினால் மூன்று மாலை கையில் இருக்கும். பள்ளத்தாக்குக்குள் யோசெமிட்டி வேலி லாட்ஜ் அறைகள் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே பதிவுக்குத் திறக்கும். பிப்ரவரி நடுவாரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பூங்காவுக்கு வெளியே எல் போர்டல், மாரிபோசா ஊர்களில் பார்க்கலாம். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் போட்டு வைத்து, நாலு நாள் முன்பு வானிலையைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. செவ்வாய், புதன், வியாழன் என்றால் கூட்டம் பாதிக்குப் பாதி குறைந்த மாதிரி இருக்கும். அதிபர்கள் தின நீள்வார விடுமுறை சரியாக இந்தக் காலத்தில்தான் வருகிறது. அந்த மூன்று நாளைத் தவிர்க்க முடியுமென்றால் தவிர்த்துவிடுங்கள்.

சாலையில் 140-ஆம் எண் நெடுஞ்சாலையைத் தேர்ந்தெடுங்கள். மெர்செட், மாரிபோசா வழியாக ஆற்றோரமாக ஏறி வரும் வழி. மற்ற வழிகளைவிடத் தாழ்வாக இருப்பதால் பனித் தொல்லை குறைவு. 120-உம் 41-உம் உயரமான இடங்களைத் தொட்டு வருகின்றன. கூகுள் பத்து நிமிடம் மிச்சம் என்று 120-ஐக் காட்டினாலும், பனி நாளில் அந்தப் பத்து நிமிடம் இரண்டு மணி நேரமாகத் திரும்பி வரும். நான்கு சக்கர இயக்க வண்டியாக இருந்தாலும், பனியில் வழுக்காமல் சக்கரத்தில் மாட்டும் டயர் செயின் வண்டியில் இருக்க வேண்டும் என்று பூங்கா கேட்கும். வாங்கி டிக்கியில் போட்டால் மட்டும் போதாது. வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். இருட்டில், விரல் விறைத்த நிலையில் முதன்முதலாக மாட்டிப் பார்ப்பது கொடுமை. வாடகை வண்டி என்றால் செயின் மாட்ட ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. எல் போர்டலிலோ மாரிபோசாவிலோ நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

நுழைவுக் கட்டணம் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: 2026 முதல் யோசெமிட்டி உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களாக இருந்தால், தலைக்கு 100 டாலர் கூடுதல். இன்னொன்று, சில ஆண்டுகளில் பிப்ரவரி வார இறுதிகளுக்கு முன்பதிவு இல்லாமல் உள்ளே விடவில்லை. 2024, 2025 இரண்டிலும் அப்படித்தான். சில ஆண்டுகளில் வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் விதி மாறுவதால், பழைய குறிப்பை நம்பாமல் தேசியப் பூங்காத் துறையின் யோசெமிட்டிப் பக்கத்தைக் கிளம்பும் வாரத்தில் பார்த்துவிடுங்கள்.

விதிகள் ஏன் இத்தனை இறுகின என்பதற்கு ஒரு தேதியே இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 அன்று மாலை சவுத்சைடு டிரைவ் சாலையோரம் மட்டும் 2,000 பேருக்கு மேல் கூடினார்கள். ஆற்றங்கரை நிறைந்ததும் கூட்டம் மெர்செட் ஆற்றுக்குள்ளேயே இறங்கியது. கரை சரிந்தது, செடிகொடி மிதிபட்டது, கழிப்பறை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு அந்தத் தென்புறச் சாலையில் ஸ்விங்கிங் பாலத்துக்கும் எல் கேப்பிட்டான் குறுக்குச் சாலைக்கும் இடையே, அருவிக் காலத்தில் நிற்கவும் நடக்கவும் தடை. பழைய பயணக் குறிப்புகள் பலவும் அந்த இடத்தைத்தான் ‘சிறந்த கோணம்’ என்று சொல்லும். அங்கே போய் நின்றால் பூங்காக் காவலரான ரேஞ்சர் வந்து கிளப்பிவிடுவார்.

விசித்திரம் என்னவென்றால், இதே பள்ளத்தாக்கில் இதற்கு முந்தைய ‘நெருப்பருவி’யும் இதே மாதிரிக் கூட்டத்தால்தான் முடிவுக்கு வந்தது. அது நிஜ நெருப்பு. 1872-இல் ஜேம்ஸ் மெக்காலே என்பவர் தொடங்கி வைத்தது. பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் உள்ள கிளேஸியர் பாயிண்ட் உச்சியில் செந்தேவதாரு மரப்பட்டையை எரித்து, தணலை இரவில் விளிம்பிலிருந்து கீழே தள்ளுவார்கள். கேம்ப் கரி என்ற தங்குமிடத்தில் இருந்தவர்கள் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்கள். புல்வெளியெல்லாம் மிதிபடுகிறது, இயற்கைக்குப் பொருந்தாத வேடிக்கை என்று சொல்லி 1968 ஜனவரியில் பூங்காத் துறை நிறுத்திவிட்டது. ஹார்ஸ்டெயிலின் சிவப்பு அதன் பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. புகைப்படக் கலைஞர் கேலன் ரோவெல் 1973-இல் எடுத்த வண்ணப்படம் அதற்கு முக்கியக் காரணம். அதற்கு முன்பே இன்னொரு புகைப்படக் கலைஞரான ஆன்செல் ஆடம்ஸ் இந்த அருவியைப் படம் எடுத்திருக்கிறார், ஆனால் கறுப்பு வெள்ளையில்.

இப்போதைய ஏற்பாடு பெரும்பாலும் இப்படி இருக்கும்: பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை, நண்பகல் முதல் இரவு 7 மணி வரை, வடபுற நார்த்சைடு டிரைவில் ஒரு தடம் நடப்பவர்களுக்கு. வழியில் எங்கும் வண்டியை ஓரங்கட்ட முடியாது. லாட்ஜுக்கு மேற்கே உள்ள யோசெமிட்டி ஃபால்ஸ் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, 1.5 மைல், அதாவது 2.4 கிலோமீட்டர், நடந்து எல் கேப்பிட்டான் பிக்னிக் ஏரியாவுக்கு வர வேண்டும். சமதரை, தார்ச்சாலை. பெரியவர்களுக்கு நாற்பது நிமிடம்; குழந்தைகளோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அனுமதி அட்டை மாட்டிய வண்டிகளை மட்டும் பிக்னிக் ஏரியா வரை விடுகிறார்கள். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துப் போவதென்றால் போகவர ஐந்து கிலோமீட்டர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பும் பாதி முழு இருட்டில்.

வார இறுதியில் நண்பகலுக்கு முன்பே பார்க்கிங் நிறைந்துவிடும். பதினோரு மணிக்குள் வண்டியைப் போட்டுவிட்டு, லோயர் யோசெமிட்டி ஃபால் வரை காலாற நடந்து, சாப்பிட்டு, இரண்டரை மணிக்குக் கிளம்பினால் இடம் பிடிக்கச் சரியாக இருக்கும். ட்ரைபாட் விரிக்க முன்வரிசை வேண்டுமென்றால் இன்னும் முன்னால் போக வேண்டும். வெறும் கண்ணால் பார்க்க வந்தவர்கள் நாலரைக்கு வந்தாலும் ஒன்றும் குறையாது. அருவி அவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்னால் நிற்பவர் தலை மறைக்காது. மறைப்பவை மரங்கள்தான். பாண்டெரோசா பைன்களுக்கு நடுவே இடைவெளி தேடுங்கள். உட்கார்ந்த உயரத்தில் தெரிந்தது நின்றால் கிளைக்குப் பின்னால் போய்விடும். இரண்டு நிலையிலும் பார்த்துவிட்டு நாற்காலியைப் போடுங்கள்.

பகலில் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் இருக்கும், ஸ்வெட்டர் போதும் என்று தோன்றும். அசையாமல் மூன்று மணி நேரம் நின்றால் குளிர் பாதத்தின் வழியாக ஏறும். தடித்த கம்பளிக் காலுறை, காதை மூடும் தொப்பி, கையுறை, உட்கார மடிப்பு நாற்காலி. தரையில் பனி கிடந்தால் காலுக்கடியில் பழைய யோகா விரிப்புத் துண்டு ஒன்று போட்டு நின்றால் பெரிய வித்தியாசம் தெரியும். சூரியன் போனதும் பகலில் உருகி ஓடிய நீர் சாலையில் கண்ணாடியாக உறையும், ஆகவே செருப்பு, ஓட்டப்பந்தய ஷூ எல்லாம் வேண்டாம். பிடிப்புள்ள ஷூ, சமீபத்தில் பனி பெய்திருந்தால் ஷூவின் மேல் மாட்டும் முள் பட்டை, அதாவது மைக்ரோஸ்பைக். தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று. ஃபிளாஸ்கில் காபி, புளியோதரை மாதிரி ஆறினாலும் சாப்பிடக்கூடியது ஏதாவது. சாப்பாட்டுப் பெட்டியைக் காரில் விட்டு வருவதில் மட்டும் கவனம்: யோசெமிட்டியில் இருட்டிய பிறகு காருக்குள் உணவு வைக்கக் கூடாது, கரடிக்காக. பார்க்கிங்கில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

கேமரா பற்றி. பிக்னிக் ஏரியாவிலிருந்து அருவியை மட்டும் சட்டத்துக்குள் அடைக்க 70–200 மி.மீ. லென்ஸ் போதும். பாறையின் விளிம்பும் திவலையும் மட்டும் வேண்டுமென்றால் 300 அல்லது 400. அகல லென்ஸில் அருவி தீக்குச்சி மாதிரிதான் வரும். ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், நீள லென்ஸுக்கு அது ஊஞ்சல். ஐஎஸ்ஓ 100-இலிருந்து 400, அபெர்ச்சர் எஃப் 8 பக்கம். ஷட்டரை நொடியில் 1/125-க்கு மேல் வைத்தால் திவலையின் உருவம் நிற்கும். அரை நொடி என்றால் பட்டு மாதிரி வழியும், ஆனால் காற்றுள்ள நாளில் வெறும் ஆரஞ்சுப் புகையாகிவிடும். முதல் வகையே பெரும்பாலும் நெருப்பு போலத் தெரிகிறது.

தப்பு நடப்பது இரண்டு இடத்தில். முதலாவது, நிறத்தைச் சமன்படுத்தும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடுவது. கேமரா அந்த ஆரஞ்சைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும். ‘டேலைட்’டில் பூட்டுங்கள். இரண்டாவது, ஒளி அளவீடு. சட்டத்தில் முக்கால் பங்கு இருண்ட பாறை, எனவே கேமரா பிரகாசத்தைக் கூட்டும். அருவி வெளுத்துப் போகும். வெளிச்சத்தை ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) குறைத்து எடுங்கள். படத்தின் பிரகாச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் மொத்தக் கோட்டைப் பார்க்காமல் சிவப்பு வரிசையைத் தனியே பாருங்கள், முதலில் முட்டுவது அதுதான். கேமரா திருத்தாத மூலக் கோப்பான ரா வடிவில் எடுத்தால் வீட்டில் திருத்தலாம், ஆனால் வெடித்துப்போன சிவப்பை மீட்க முடியாது. பிற்பகலிலேயே பாறை விளிம்பில் ஃபோகஸ் செய்து மேனுவலில் போட்டுவிடுங்கள். மங்கலில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும்.

போன் என்றால் டெலி லென்ஸ் உள்ளது நல்லது. அருவியின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, பிரகாசத்தைக் கீழே இழுங்கள். நைட் மோடை அணையுங்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். நாலு மணி வரை போனை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். சிக்னலை நம்ப முடியாது, அதனால் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். குழுவாக வந்தால் எங்கே சந்திப்பது என்று பேசி வையுங்கள்.

பிப்ரவரி 10 வாக்கில் சூரியன் மறைவது ஐந்தரைக்கு, மாதக் கடைசியில் ஐந்து ஐம்பதுக்கு. மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை சுவரெங்கும் மஞ்சள் வெயில். பிறகு நிழல் கீழேயிருந்து மேலே ஏறத் தொடங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கடைசி கால் மணியில் ஒளி ஒடுங்கி அருவியின் பக்கம் ஒதுங்குகிறது. பொன், ஆரஞ்சு, கூடவே கூட்டத்தின் முணுமுணுப்பு அடங்குவது. நல்ல நாளில் சிவப்பு. பல மாலைகளில் ஆரஞ்சோடு நின்றுவிடும், அதுவே நிறைவாகத்தான் இருக்கும். படங்களில் வரும் எரிமலைச் சிவப்பு பாதி கணினியில் ஏற்றியது. நடுவில் ஒருமுறை ஒளி சட்டென்று மங்கும், மெல்லிய மேகம் கடப்பதால். எல்லாரும் ‘முடிஞ்சு போச்சு’ என்று ட்ரைபாட்டை மடிப்பார்கள். நீங்கள் சூரியன் மறையும் நேரம் தாண்டி ஐந்து நிமிடம் வரை அசையாதீர்கள். முழுதும் சாம்பல் பூத்த பிறகு தாரை நீலச் சாயலுக்குப் போகும், அதையும் இரண்டு படம் எடுத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு ஒரே நேரத்தில் அத்தனை பேரும் ஒரே சாலையில் திரும்புகிறார்கள். பார்க்கிங்கை விட்டு வெளியேறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அவசரப்பட்டு வரிசையில் சேர்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருவதைவிட, லாட்ஜில் சூடாக ஏதாவது குடித்துவிட்டு எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் எல் போர்டல் வரை சாலை காலியாக இருக்கும். கிளம்பும் முன் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட ஒரு பிளாஸ்டிக் சுரண்டி வேண்டும். இல்லாதவர்கள் கடன் அட்டையை உடைத்துக்கொண்டு நிற்பதை அந்தப் பார்க்கிங்கில் பார்க்கலாம்.